மண் கோட்டையும் காவற்காடும்

பாளையக்காரர் போர் நடந்த ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. செஞ்சியிலும் வேலூரிலும் இருப்பதுபோல் அண்ணாந்து பார்க்கிற மதில் எதுவும் இந்த வழியில் கிடையாது. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தெற்குச் சீமையில் பாளையக்காரர் கோட்டை ஒன்றும் நிற்கக்கூடாது, குடிமக்கள் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். சொன்னதைச் செய்தும் முடித்தார்கள். ஆகவே தேதிகளையும் திசைகளையும் கொஞ்சம் படித்துக்கொள்ளாமல் போனால், கரிசல் காட்டையும் சீமைக் கருவேலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்தப் போர் எந்த இடத்தில் திரும்பியது? பள்ளிக்கூடத்தில் படித்தது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுப் புளியமரத்தோடு நின்றுவிடுகிறது. அது 1799. கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இந்த மண்ணில் உருப்படியாகத் தோற்றது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. அந்தத் தோல்வி நடந்த இடத்தையும், தோற்றவர்கள் பிறகு ஜெயித்த இடத்தையும் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகிற பேருந்தில் ஏறினால் ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் தொடங்கிவிடுகிறது. ஐப்பசி மழை ஒன்று பெய்திருந்தது. இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு கனத்துக்கு மண் அப்பிக்கொண்டது. காய்ந்தால் கல், நனைந்தால் களி. இந்த மண்ணின் குணம் தெரியாமல் 1801-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. ஓட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர், அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

இப்போது அங்கே நிற்கிற கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. உள்ளே கட்டபொம்மன் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய ஓவியங்கள். நான் போனபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு பையன் ஜாக்சன் துரையின் படத்துக்கு முன்னால் கையை இடுப்பில் ஊன்றி நின்று சிவாஜியாக மாறிவிட்டான். 1959-இல் வந்த கட்டபொம்மன் படம். அவனுடைய தாத்தா பார்த்திருப்பார். வாத்தியார் அதட்டவில்லை, சிரித்தபடி செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீரசக்கதேவி கோயில். கொஞ்சம் தள்ளி, அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனையின் அடிச்சுவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. அசல் அங்கேதான் இருக்கிறது.

அசல் கோட்டை சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க மண். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்ததும் கும்பினியின் பட்டாளத்துக்குக் கை ஓய்ந்தது. அதே வருஷம் செப்டம்பரில் மேஜர் பானர்மேன் இங்கே வந்து நின்றான். செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்த முதல் தாக்குதலில் ஏணி வைத்து ஏறப் பார்த்தவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள், வெள்ளை அதிகாரிகள் சிலர் செத்தார்கள். பெரிய பீரங்கிகள் பாளையங்கோட்டையிலிருந்து வருகின்றன என்று தெரிந்ததும் கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். கும்பினி அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

இறந்த அதிகாரிகளின் கல்லறை எங்கே என்று டீக்கடையில் விசாரித்தேன்.

"வெள்ளைக்காரன் கல்லறையா? அங்க என்னத்தப் பாக்கப் போறீய அண்ணாச்சி, முள்ளுதான் கெடக்கு" என்றார் கடைக்காரர். பிறகு அவரே, "சரி, டீயக் குடிங்க, பயல அனுப்புதேன்" என்று தம்பியைக் கூட அனுப்பினார். முள் இருந்தது உண்மைதான். கல்லறைகளும் இருக்கின்றன. செத்தவனுக்கு உடனே கல் வைத்துப் பெயர் வெட்டியவர்கள் அவர்கள். எதிர்ப்பக்கத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பதற்கு இங்கே கல் இல்லை. நாட்டார் பாட்டில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

பயணத்தின் மையம் என்று நான் நினைப்பது இந்த ஊரின் இரண்டாவது முற்றுகை. அதற்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். பாளையங்கோட்டையின் பழைய கோட்டையில் மிஞ்சியிருக்கிற கொத்தளம்தான் ஊரார் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்கிற கட்டடம். அந்தக் கோட்டைச் சிறையில் கட்டபொம்மனின் தம்பிகள் ஊமைத்துரையும் செவத்தையாவும் அடைபட்டிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2, சாயங்காலம். பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துக்குக் கூடியிருக்கிறார்கள். படை சங்கரநயினார்கோவிலில், முப்பது மைல் தள்ளி. அந்த நேரம் பார்த்துக் காவலாளிகளை மடக்கிவிட்டுக் கைதிகள் வெளியேறினார்கள். இதை எழுதி வைத்தவர் அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830-இல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகள் இல்லையென்றால் இந்தப் போரின் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். எதிரியின் நோட்டுப் புத்தகத்தை நம்பித்தான் நம்முடைய வீரக்கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வெல்ஷ் மீது மரியாதையும் உண்டு. பார்த்ததை மறைக்காமல் எழுதிய மனிதர்.

பிப்ரவரி 9-ஆம் தேதி மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்க்கிறான். ஒன்றரை வருஷம் முன்னால் தரையோடு தரையாக்கிய கோட்டை எழுந்து நிற்கிறது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. மதில் மேல் ஆயிரத்தைந்நூறு பேர். அவனிடம் இருந்த படைக்கு அதைத் தொடத் துணிவில்லை. மறுநாளே பாளையங்கோட்டைக்குத் திரும்பினான். கல்கோட்டையை இடித்தால் இடித்ததுதான். கரிசல் மண்ணில் வைக்கோலைப் பிசைந்து, பனைமரத்தை உள்ளே கொடுத்து எழுப்புகிற சுவருக்குக் கொத்தனார் வேண்டாம், ஊர்ச் சனம் போதும். பீரங்கிக் குண்டு அதில் புதைகிறதே ஒழிய பிளப்பதில்லை. செருப்பில் அப்பிய மண்ணைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது இதை நம்புவது எனக்குச் சிரமமாக இல்லை.

இடையில் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். அங்கே சிக்கிய ஆங்கிலேய அதிகாரியை, அவன் மனைவி வந்து கெஞ்சியதும் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இந்தப் பக்கத்தாருக்குக் கிடைத்த மரியாதையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1801 மார்ச் 31. மெக்காலே இந்த முறை முழுப் படையோடு வந்து, பீரங்கியால் மதிலில் வழி உண்டாக்கி, ஆட்களை ஏவினான். வழி ஏறக்கூடியதாகத்தான் இருந்தது. ஏறியவன்தான் நிற்க முடியவில்லை. உள்ளே ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள ஈட்டிகள். மேலே தலை காட்டியவன் ஒவ்வொருவனும் சரிந்தான். கும்பினிப் படை காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி, மேலும் பீரங்கிக்கும் மேலும் ஆளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் வெளியே கூடாரத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்த முற்றுகையை எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை வகித்தவர் பேச்சு வராதவர். வெல்ஷ் அவரைப் பற்றி எழுதியதில் ஒன்று மறக்க முடியாதது. தாக்குதலுக்கு ஆணையிட வேண்டுமானால் ஊமைத்துரை இடக்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை எடுத்து வைப்பாராம். அவை ஆங்கிலேயர். வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, மறு கையால் அவற்றை ஒரே வீச்சில் தள்ளுவார். அவ்வளவுதான் உத்தரவு. முரசும் கொம்பும் வைத்திருந்த எத்தனையோ தளபதிகளின் ஆணையைவிட அது தெளிவாகக் கேட்டிருக்கிறது.

மே மாதம் கர்னல் அக்னியூ புதுப் படைகளோடு வந்தான். 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. உள்ளே மிஞ்சிய இரண்டாயிரம் பேர் ஒன்றாகத் திரண்டு வெளியே பாய்ந்து, குதிரைப் படையின் துரத்தலுக்கு நடுவே வடக்கே போனார்கள். ஊமைத்துரை வழியில் காயம்பட்டு விழுந்து கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு பெண், குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டாள். அவன் தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றச் சொன்னான். அவரைத் தூக்கிப்போய் வீட்டில் கிடத்தினார்கள். கும்பினிக்குத் துணையாக நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடம்பின் மேல் துணியைப் போர்த்தி, பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பையன் வைசூரியில் போய்விட்டான் என்றார்கள். வந்தவர்கள் நின்று பார்க்கவில்லை, ஓடிவிட்டார்கள். அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. நம் பக்கத்தில் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

எட்டயபுரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஊர் எல்லைத் தகராறு இரண்டு பாளையத்துக்கும் நடுவில் பல காலமாக இருந்தது. பக்கத்து வயல்காரனோடு இருக்கிற பகையில் தூரத்து எதிரி கண்ணுக்குத் தெரியாமல் போவது தமிழ்நாட்டில் அன்றைக்கு மட்டும் நடந்த சங்கதியா என்ன? துரோகப் பட்டத்தை அந்த ஒரு ஊரின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொண்டோம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். கும்பினிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அதே எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கயத்தாறு திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் தன் சொந்தப் பணத்தில் இங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தார், 1970-இல் திறந்தது. பிறகு அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. 1799 அக்டோபரில் விசாரணை என்று ஒன்றை நடத்தி, மற்றப் பாளையக்காரர்களையும் வரவழைத்து உட்கார வைத்து, அவர்கள் கண் முன்னால் தூக்கிலிட்டான் பானர்மேன். தண்டனை பார்த்தவர்களுக்காகத்தான் கொடுக்கப்பட்டது. இடம் சுத்தமாக இருக்கிறது. நெடுந்தூர வண்டிகள் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகின்றன. நான் அதிக நேரம் நிற்கவில்லை.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கமுதி, முதுகுளத்தூர், அபிராமம். 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைக்காரர் இந்த ஊர்களில் கச்சேரிகளையும் கிட்டங்கிகளையும் தாக்கினார். கட்டபொம்மனுக்கு முன்னாலேயே எழுந்த கலகம் அது. பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கிடைப்பதே பெரிது.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. இந்தப் போரில் சம்பந்தப்பட்ட கட்டடங்களில் உருப்படியாக மிஞ்சியது இதுதான். கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை, இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1798-இல் கலெக்டர் காலின் ஜாக்சன் வரிப் பாக்கிக்காகக் கட்டபொம்மனைக் கூப்பிட்டான். கூப்பிட்டவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. குற்றாலம் போனால் அங்கே பேட்டி இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அங்கேயும் இல்லை. 23 நாள், ஏறக்குறைய 400 மைல் பின்னாலேயே நடக்கவிட்டுக் கடைசியில் செப்டம்பரில் இந்த மாளிகையில் பார்த்தான். கணக்குப் போட்டால் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பாக்கி 1,080 பகோடா. மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி. கடைசியில் கைகலப்பு, கோட்டை வாசலில் லெப்டினென்ட் கிளார்க் செத்தான், பாளையத்தின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சினிமாவில் இது வசனத்தால் நடக்கிற சண்டை. நடந்தது அதைவிடக் கேவலம்: கால் கடுக்க நிற்க வைப்பது என்ற ஆபீஸ் தந்திரம். பிற்பாடு கும்பினியே விசாரணைக் கமிட்டி போட்டு ஜாக்சன் செய்தது தப்பு என்று அவனை வேலையை விட்டு நீக்கியது. ஒரு வருஷம் கழித்து அதே கும்பினி கட்டபொம்மனைத் தூக்கிலும் போட்டது.

உள்ளே சுவரெல்லாம் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். போர்க்களம், பரிவாரம், ராமாயணக் காட்சிகள், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி. அந்தப் படத்தில் ராஜா தன் இடத்தில் இருக்கிறார். வெளிநாட்டார் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். காலத்தால் மங்கினாலும் சிவப்பும் மஞ்சளும் இன்னும் பேசுகின்றன. கட்டபொம்மன் நின்ற கட்டடத்துச் சுவரிலேயே இது இருக்கிறது. காவலாளியிடம், அவர் நின்ற இடம் எது என்று கேட்டேன். "மேல்மாடின்னு சொல்லுவாக சார்" என்றார், படிக்கட்டைக் காட்டி.

சிவகங்கைக்கு வந்தால் போரின் நிறம் மாறுகிறது. தெற்கே இருந்தது வெட்டவெளி. இங்கே அன்றைக்குக் காடு. 1772 ஜூனில் காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கும்பினிப் படை கொன்றது. அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியிடம் உதவி பெற்று, எட்டு வருஷம் காத்திருந்து 1780-இல் சீமையைத் திரும்பப் பிடித்தார். எட்டு வருஷம் கழித்து நாட்டை மீட்ட கதை இந்திய வரலாற்றில் அபூர்வம். ஆனால் சிவகங்கையில் பேசிப் பார்த்தால் நாச்சியாரின் படையில் இருந்த குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த கதைதான் முதலில் வருகிறது. குயிலிக்கு ஆவணச் சான்று தேடிக் கொண்டிருக்கிறார்கள். சனங்களுக்கு அது தேவைப்படவில்லை. சூரக்குளம் சாலையில் நாச்சியாருக்கும் குயிலிக்கும் நினைவிடம் இருக்கிறது.

நாச்சியாருடன் நின்ற மருது சகோதரர்கள் ராஜ வம்சத்தவர் அல்ல. முத்துவடுகநாதரிடம் ஊழியத்தில் இருந்து மேலே வந்தவர்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் போர் திரும்பியது இந்த இடத்தில்தான். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரைக்குச் சின்ன மருது சிறுவயலில் இடம் கொடுத்தார். கும்பினி, ஆளை ஒப்படை என்றது. ஒப்படைத்திருந்தால் அவர் சிவகங்கை ஆட்சியில் நிம்மதியாக இருந்திருக்கலாம். மாறாக 1801 ஜூன் 16-ஆம் தேதி திருச்சிக் கோட்டையில் நவாப் மாளிகைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்து, வெள்ளையனிடம் சம்பளம் வாங்குகிற சிப்பாய்களையும் விடாமல் கூப்பிட்டு, சின்ன மருது பெயரில் வந்த அறிக்கை. அதுவரை ஒவ்வொரு பாளையமும் தன் வரிக்காக, தன் எல்லைக்காகச் சண்டை போட்டது. அந்தக் காகிதத்தில்தான் முதல்முறையாக நாடு என்று ஒன்று தெரிகிறது. திண்டுக்கல்லில் கோபால நாயக்கர், மலபாரில் பழசிராஜா, மைசூர்ப் பக்கத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர் என்று முன்பே கைகோத்திருந்த கூட்டத்தின் குரல் அது.

சிறுவயல் காரைக்குடிப் பக்கம் இருக்கிற ஊர். 1801 ஜூலைக் கடைசியில் அக்னியூ இந்த ஊருக்கு வந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்குக் கூரை கிடைக்கக்கூடாது என்று தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு எல்லாரும் காளையார்கோவில் காட்டுக்குள் போய்விட்டார்கள். அக்னியூ மரத்தை வெட்டி ரோடு போட ஆரம்பித்தான். ஒரு மாதம் வெட்டினார்கள். பகலில் வெட்டுகிறவன் மேல் புதரிலிருந்து ஈட்டியும் வளரியும் வந்தன, வெட்டிய வழியை இரவில் அடைத்தார்கள், காய்ச்சல் வேறு. செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ அந்த வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினான். மார்ச் 31-க்கு அடுத்து இந்தப் போரில் கும்பினிக்கு விழுந்த இரண்டாவது பெரிய அடி இந்த வெட்டி முடிக்காத ரோடு.

சிறுவயலிலிருந்து கல்லல் வழியாகக் காளையார்கோவில் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காட்டைத் தேடினேன். கண்மாய், வயல், செங்கல் சூளை, கருவேல முள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எங்க அப்பா காலத்துலயே காடு இல்லண்ணே. பேருதான் இருக்கு" என்றார். சங்க காலத்தில் இந்த ஊர் கானப்பேர். உக்கிரப் பெருவழுதி இதை வேங்கை மார்பனிடமிருந்து கைப்பற்றியதைப் புறநானூற்றின் 21-ஆம் பாட்டு சொல்கிறது. வெயில் நுழையாத காவற்காடு இந்தக் கோட்டையைச் சுற்றி இருந்ததாக அதில் ஐயூர் மூலங்கிழார் பாடியிருக்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் அதே காடு அதே வேலையைச் செய்திருக்கிறது.

காளையார்கோவில் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. பெரிய கோபுரம் மருதுபாண்டியர் கட்டியது. மானாமதுரையிலிருந்து வரிசையாக ஆட்களை நிறுத்திச் செங்கலைக் கைமாற்றியே கொண்டு வந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்பேன் என்று கும்பினி மிரட்டியதால்தான் மருதுகள் வெளியே வந்தார்கள் என்பது இன்னொரு பேச்சு. எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. காரணம் வேறு ஊரில் நடந்தது.

சிவகங்கைக்குப் பக்கத்தில் சோழபுரம். காட்டை வெட்ட முடியாத அக்னியூ, 1801 செப்டம்பர் 12-ஆம் தேதி இங்கே ஒரு விழா நடத்தினான். மருதுகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைக் கூட்டி வந்து, சீமைக்கு உரிய ஜமீன்தார் இவரே என்று பட்டம் கட்டினான். பீரங்கி வெடிக்கவில்லை, ஒரு ஆள் சாகவில்லை. ஆனால் அன்றைக்கு முடிந்தது போர். மருதுகளின் பின்னால் நின்றவர்களில் பலர் சிவகங்கை ராஜ குடும்பத்துக்காக நிற்பதாக நினைத்தவர்கள். இப்போது ராஜ ரத்தம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே இருப்பவர்கள் சேர்வைக்காரர்கள். சனம் கலைந்தது. காட்டுக்குள் வழி தெரிந்தவர்கள் கும்பினிப் பக்கம் கிடைத்தார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி மூன்று பக்கமிருந்தும் உள்ளே புகுந்து காளையார்கோவிலைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மாதம் கோடாலியால் ஆகாத வேலை. பிரித்து ஆண்டார்கள் என்று சுலபமாகச் சொல்கிறோம். பிரிகிற கோடு ஏற்கெனவே நம் வீட்டுத் தரையில் கிழிபட்டிருந்தது என்பதுதான் சோழபுரத்தில் நிற்கும்போது உறைக்கிறது. அங்கே அந்த நாளைச் சொல்லும் கல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டார். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூர்க் கோட்டையில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். அமைதிக் காலத்தில் வெல்ஷ் மதுரைச் சீமையில் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் இதே சின்ன மருதுதான். பெரிய மருது ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைப்பார் என்று எழுதியவரும் வெல்ஷ்தான். தனக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவரை வேட்டையாடியதை அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊமைத்துரையும் செவத்தையாவும் நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு போகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவர், பதினைந்து வயசுப் பையன். 1818-இல் பினாங்குக்குப் போன வெல்ஷ் அங்கே அவரைப் பார்த்தார். முப்பது வயசு தாண்டிய அந்த மனிதரை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

திருப்பத்தூர் நினைவிடத்தில் அக்டோபரில் அரசு விழா, காளையார்கோவில் சமாதியில் 27-ஆம் தேதி குருபூஜை. கூட்டம் திமிலோகப்படும். போலீஸ் பந்தோபஸ்து, பேருந்து வழிமாற்றம் எல்லாம் உண்டு. வரலாறு பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது உத்தமம். தையிலோ மாசியிலோ போனால் வெயிலும் தாங்கும், வழி சொல்லவும் ஆள் கிடைக்கும்.

கடைசியாக அரசுக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். கயத்தாறு, திருப்பத்தூர், காளையார்கோவில் என்று நாம் நினைவிடம் எழுப்பிய இடங்களில் பெரும்பாலானவை தூக்கில் தொங்கிய அல்லது புதைக்கப்பட்ட இடங்கள். 1801 மார்ச் 31 அன்று மதிலில் ஏறியவர்களைத் திருப்பி அனுப்பிய இடத்தில், அந்தத் தேதியைச் சொல்லும் பலகை ஒன்று வையுங்கள். சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் நடுவில், காடு வெட்ட வந்தவன் திரும்பிப்போன வழியில் இன்னொன்று. மூன்றாவதைச் சோழபுரத்தில் வையுங்கள். அதில் 1801 செப்டம்பர் 12-இல் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். மூன்று பலகைக்கு ஒரு மணிமண்டபத்தின் வாசல்படிச் செலவுகூட ஆகாது.